வீட்டு மரவேலைப் பட்டறையில் தூள் உறிஞ்சும் அமைப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டை ஒட்டிய ஓர் அறை. 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். உள்ளே 10 அங்குல டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்), 12 அங்குல பிளேனர் (இழைப்பு இயந்திரம்), 14 அங்குல பேண்ட் சா (பட்டை ரம்பம்), விளிம்பும் பள்ளமும் செதுக்கும் ரவுட்டர் மேசை, குறுக்கே வெட்டும் மைட்டர் சா, கையில் பிடித்து ஓட்டும் சாண்டர் (உப்புத்தாள் தேய்க்கும் கருவி). மாலையிலும் விடுமுறை நாட்களிலும் மரச்சாமான் செய்கிற நண்பர் ஒருவரின் பட்டறை இது. தூள் உறிஞ்சும் கருவி ஏற்கெனவே ஒன்று இருந்தது: 2 எச்.பி. மோட்டார், மேலே துணிப்பை, கீழே பிளாஸ்டிக் பை, ஏழு மீட்டர் நீளத்துக்கு 4 அங்குல நெளிகுழாய். எந்தக் கருவியில் வேலையோ அதில் குழாயைச் சொருகிக்கொள்வார். தரையில் சீவல் அதிகம் கிடக்காது. வந்து பார்க்கிறவர்கள் பட்டறை சுத்தம் என்றுதான் சொல்வார்கள்.

அவருக்கு இருந்த பிரச்சினை வேறு. இரவில் துடைத்து வைத்த அலமாரியில் காலையில் மெல்லிய தூள் படிந்திருந்தது. வீட்டுக்குள் திறக்கும் கதவின் அந்தப் பக்கத்திலும் படிந்தது. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அறுத்த நாளில் மூக்கும் தொண்டையும் எரிந்தன. "மோட்டாரைப் பெரிசாக்கினா சரியாயிடுமா?" என்று கேட்டார். பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள், பணமும் அங்கேதான் போகிறது. மோட்டார் இந்தக் கணக்கில் கடைசியாக வரவேண்டியது. தூள் பிறக்கும் இடத்தில் கருவியின் வாய் எப்படி இருக்கிறது, அங்கிருந்து போகும் குழாய் எவ்வளவு அகலம், காற்று எதன் வழியாக வெளியேறுகிறது என்பவை முடிவான பிறகுதான் எத்தனை எச்.பி. என்ற கேள்விக்கே அர்த்தம் வரும். இந்தப் பட்டறையை மாற்றி அமைத்தபோது அந்த வரிசையில்தான் போனோம்.

காலையில் படிந்த தூள்

முதலில் அந்த அலமாரித் தூளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரத்தூள் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இருப்பவை ஒரே அளவு அல்ல. தலைமுடித் தடிமனுள்ள 100 மைக்ரான் துகள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சில வினாடிகளில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு, காற்று அசையாமல் இருந்தால், ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு விளக்கை அணைத்துவிட்டுப் போகும்போது காற்றில் மிதந்துகொண்டிருந்ததுதான் காலையில் அலமாரியில் இருந்தது. அதாவது முந்தின நாள் மாலை முழுக்க அவர் அதைத்தான் சுவாசித்திருக்கிறார். தனித்தனித் துகளாகக் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ 50 மைக்ரானுக்கு மேல் இருப்பவைதான். துடைப்பத்துக்கு அகப்படும் பெருந்தூளை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். 10 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை உள்ளே இறங்கும், அதிலும் 2.5 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை நுரையீரலின் கடைசி அறைகள் வரை போகும்.

அதற்காகப் பெரிய தூளை ஆபத்தில்லாதது என்று ஒதுக்கவும் முடியாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐ.ஏ.ஆர்.சி., 1995இல் மரத்தூளை முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பிரிவில் வைத்தது. அது முக்கியமாகச் சுட்டுவது மூக்கு அறைகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள குழிகளிலும் வரும் புற்றுநோயை. இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதி மரச்சாமான் தொழிலாளர்களிடம் இந்த நோய் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருப்பதை 1960களில் அங்கிருந்த காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் கவனித்ததுதான் இந்த ஆராய்ச்சிகளின் தொடக்கம். இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் கடின மரத்தூளுக்கான பணியிட வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம்; பிரிட்டனில் 3. இவை எட்டு மணி நேரச் சராசரி. நாள் முழுக்க மரவேலை செய்யாத ஒருவருக்கு இவை நேரடியாகப் பொருந்தாது என்று வாதிடலாம். ஆனால் தொழிற்சாலைக்குச் சோதனை செய்ய ஆள் வருவார், வீட்டுப் பட்டறைக்கு யாரும் வரமாட்டார்கள். அறையும் சிறியது. இதோடு ஒவ்வாமை தனிக் கதை: தேக்கின் தூள் பலருக்குத் தோல் அரிப்பைத் தரும், வெஸ்டர்ன் ரெட் சிடார் ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது.

இருந்ததை அளந்தோம்

எதையும் வாங்குவதற்கு முன்பு நான்கு கருவிகளைக் கொண்டுவந்தோம்: காற்றின் வேகம் அளக்கும் சிறு காற்றாடி மீட்டர், மின்னோட்டம் பார்க்கக் கிளாம்ப் மீட்டர், பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்குக் கீழே உள்ள நுண்தூளின் அளவைக் காட்டும் காற்றுத் தர மீட்டர், கடைசியாக ஒளிபுகும் குழாயை 'யு' வடிவில் வளைத்துச் சாயத் தண்ணீர் ஊற்றிய அழுத்தமானி. இந்தக் கடைசி ஒன்றை யாரும் கையால் செய்துகொள்ளலாம். இரு பக்க நீர்மட்டத்துக்கும் 10 மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஏறத்தாழ 98 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). இதைவிட நம்பகமான மீட்டர் இந்த வேலைக்குத் தேவைப்படவில்லை.

பழைய கருவியின் பெட்டியில் மணிக்கு 2,000 கன மீட்டர் என்று அச்சிட்டிருந்தது. டேபிள் சாவில் சொருகிய நிலையில் குழாயில் போனது ஏறத்தாழ 600. பெட்டி எண் பொய் என்று சொல்ல வரவில்லை. குழாய் எதுவும் மாட்டாமல், ஃபேனின் வாய் திறந்திருக்கும்போது வரும் எண் அது. ஆனால் யாரும் அப்படி வைத்து மரம் அறுப்பதில்லை.

600 ஆகக் குறைந்ததற்குக் காரணம் நெளிகுழாய். ஒரே அளவு காற்றை அனுப்பும்போது குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிர்விகிதத்தில் போகும். 4 அங்குலத்துக்குப் பதில் 6 அங்குலம் போட்டால் இழப்பு ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதோடு நெளிகுழாயின் உள்சுவர் வரிவரியாக இருப்பதால் வழவழப்பான குழாயைவிட இரண்டு மூன்று மடங்கு எதிர்ப்பு. ஏழு மீட்டர் நெளிகுழாயே இந்த ஃபேனின் பலத்தில் பாதிக்கும் மேல் தின்றுகொண்டிருந்தது.

இப்போது நண்பரின் கேள்விக்கு வரலாம். அதே குழாயை வைத்துக்கொண்டு 3 எச்.பி. போட்டால்? பெரிய ஃபேன் கால் பங்கு அதிக அழுத்தம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் கூடும். ஆக, 12 சதவீதம் கூடும். மின்கட்டணமும் சத்தமும் அதைவிட அதிகமாகக் கூடும்.

இன்னொன்றும் தெரிந்தது. 100 மி.மீ. குழாயில் மணிக்கு 600 கன மீட்டர் என்றால் காற்றின் வேகம் வினாடிக்கு 21 மீட்டர். சீவலைத் தூக்கிச் செல்ல வினாடிக்கு 20 மீட்டர் போதும். அதனால்தான் தரை சுத்தமாக இருந்தது. குழாய்க்குள் வந்ததையெல்லாம் அது ஒழுங்காகக் கொண்டுபோனது. குழாய்க்குள் வராததைப் பற்றித் தரை எதுவும் சொல்லாது. வந்தவற்றில் நுண்தூளோ துணிப்பையின் இழைகள் வழியாக மறுபடி அறைக்குள் வந்தது. சா ஓடாமல் உறிஞ்சியை மட்டும் ஓடவிட்டுப் பையை லேசாகத் தட்டினோம், பி.எம். மீட்டர் எகிறியது. பையின் பின்னால் ஒரு விளக்கைப் பிடித்தபோது எல்லாம் கண்ணுக்கே தெரிந்தது.

அரை மணி நேரம் எம்.டி.எஃப். அறுத்தபோது மீட்டர் காலை அளவைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் போனது, நிறுத்தி ஒரு மணி நேரமாகியும் இறங்கவில்லை. இந்த வகை மலிவான மீட்டர்கள் ஒளிச்சிதறலை வைத்துக் கணக்கிடுபவை, மரத்தூளுக்கென்று சரிசெய்யப்பட்டவை அல்ல. எனவே அந்த எண்ணை நேராக எடுத்துக்கொள்ளாமல், முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிட மட்டுமே பயன்படுத்தினோம்.

கருவியின் வாய்

அதிக நேரம் செலவானது இங்கேதான், பலன் அதிகம் கிடைத்ததும் இங்கேதான்.

உறிஞ்சும் காற்றின் பிடி தூரம் கூடக்கூட மிக வேகமாக விழும். ஊதும் காற்று ஒரு திசையில் போகும், உறிஞ்சும் வாய் எல்லாத் திசைகளிலிருந்தும் இழுக்கும். 100 மி.மீ. குழாய் வாயில் வினாடிக்கு 21 மீட்டர் வேகம் இருந்தால், வாயிலிருந்து 100 மி.மீ. தள்ளி அது ஒன்றரை மீட்டர், 200 மி.மீ. தள்ளி அரை மீட்டருக்கும் குறைவு. அந்தப் பக்கம் 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது அதன் பல் நுனி வினாடிக்கு 53 மீட்டரில் போகிறது. அந்த வேகத்தில் வீசப்படும் தூளை அரை மீட்டர் காற்று திருப்பவே முடியாது. எனவே ஒரே வழி, தூள் பறந்து போவதற்கு முன்பு அதைச் சுற்றிப் பெட்டி போல மூடி, அந்தப் பெட்டியிலிருந்து காற்றை இழுப்பது.

டேபிள் சாவில் இரண்டு இடத்தில் தூள் வெளியேறுகிறது. கீழே பெட்டிக்குள் விழுவது ஒன்று. பிளேடின் பற்கள் மேசைக்கு மேலே சுழற்றி அறுப்பவர் முகத்தைப் பார்த்து வீசுவது இன்னொன்று. கீழே 100 மி.மீ. வாய் மட்டும் இருந்தது. அதை வெட்டி 125 மி.மீ. ஆக்கினோம். பிளேடின் மேல் ஒளிபுகும் காப்பு மூடி ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து 75 மி.மீ. குழாயை மேலே கொண்டுபோனோம். 125-உம் 75-உம் சேர்ந்தால் பரப்பில் 150 மி.மீ. குழாய்க்கு ஏறத்தாழ சமம். எண்களை அப்படிப் பொருத்தித்தான் தேர்ந்தெடுத்தோம்.

சாவின் பெட்டியில் இருந்த ஓட்டைகளையெல்லாம் டேப் ஒட்டி அடைக்க நண்பர் தயாராக இருந்தார். அங்கே நான் தடுத்தேன். வெளியே போகும் அளவுக்கு உள்ளே காற்று வர வழி வேண்டும். முழுக்க அடைத்தால் பெட்டிக்குள் காற்று அசையாது, தூள் மூலையில் குவியும். மோட்டாரைச் சுற்றிய பெரிய இடைவெளியை அடைத்துவிட்டு, வாய்க்கு எதிர்ப்பக்கத்தில் திட்டமிட்டு ஒரு வழி விட்டோம். பிளேடை ஒட்டிய மேசைத் தட்டு இறுக்கமாக இருந்ததால், பிளேடுக்கு முன்னால் வரிசையாகச் சில துளைகளும் போட்டோம்.

பேண்ட் சாவில் உற்பத்தியாளர் கொடுத்த வாய் கீழ்ச் சக்கரப் பெட்டியின் அடியில் இருந்தது. தூள் பிறப்பதோ மேசைக்குச் சற்றுக் கீழே, பிளேடு மரத்தை விட்டு வெளியே வரும் இடத்தில். அதற்குள் சக்கரத்தின் டயரில் ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போய்விடும். பிளேடை ஒட்டி மேசைக்கு அடியில் ஒட்டுப்பலகையில் ஒரு சிறு பெட்டி செய்து, அதில் 100 மி.மீ. வாய் வைத்தோம். பழைய வாயும் இருக்கட்டும் என்று விட்டோம். இரண்டு 100 சேர்ந்தால் 150-க்குக் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை.

ரவுட்டர் மேசையில் வேலியின் (மரத்தை ஒட்டி நகர்த்தும் நேர்ப்பலகை) பின்னால் ஒரு வாய், மோட்டாரைச் சுற்றிக் கட்டிய பெட்டியில் ஒன்று. மோட்டாருக்குக் குளிர்காற்று வேண்டும் என்பதால் அந்தப் பெட்டியின் கதவில் திறப்பு விட வேண்டும். பிளேனர் ஒப்பீட்டளவில் சாது. அது போடுவது தடித்த சீவல், நுண்தூள் குறைவு. அளவுதான் அதிகம். அதன் தகர வாயை 125 ஆக்கியதோடு சரி.

சாண்டரைப் பெரிய அமைப்போடு இணைக்கவே இல்லை. காரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஓர் அடாப்டர் போட்டு இணைத்துவிடுகிறார்கள். சாண்டரின் குழாய் 27 முதல் 36 மி.மீ. வரைதான். தூள் உறிஞ்சும் ஃபேன் தருவது ஏறத்தாழ 2,000 பாஸ்கல் அழுத்தம், அந்த மெல்லிய குழாயில் அது காற்றைத் தள்ளவே திணறும். வேக்கம் கிளீனர் தருவது அதைப் போலப் பத்து மடங்கு அழுத்தம், காற்றின் அளவுதான் குறைவு. சிறு குழாய்க்கு அதுதான் வேண்டும். உப்புத்தாளில் உள்ள துளைகளிலேயே தூளைப் பிடித்துவிடுவதால் குறைந்த காற்றே போதும். ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் வடிகட்டி) போட்ட ஒரு வேக்கம், அதற்கு முன்னால் வாளியின் மேல் ஒரு சிறு சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு), வலைபோன்ற உப்புத்தாள். இந்தப் பட்டறையில் நுண்தூளை அதிகம் கிளப்பியது சாண்டர்தான் என்பதால், பணம் குறைவாக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான் வாங்கச் சொல்லி.

குழாய்

மெயின் குழாய்க்கு வெளிவிட்டம் 160 மி.மீ. உள்ள மெல்லிய பி.வி.சி. வடிகால் பைப் எடுத்தோம். உள்விட்டம் ஏறத்தாழ 150. சுருள் தகரக் குழாய் இன்னும் நல்லது, தீக்கும் அசையாது. ஆனால் கையில் வெட்டிப் பொருத்தச் சிரமம்.

வடிகால் எல்போக்கள் மிகக் குறுகலாகத் திரும்புபவை. ஒவ்வொரு 90 பாகைத் திருப்பத்தையும் இரண்டு 45 பாகை எல்போக்களுக்கு நடுவே ஒரு துண்டுக் குழாய் வைத்துச் செய்தோம். கிளைகள் எல்லாம் 'ஒய்', ஒரு 'டி' கூடக் கிடையாது. கிளை மெயினுக்கு அடியில் சேராமல் பக்கவாட்டில் அல்லது மேலிருந்து சேர வேண்டும். அடியில் சேர்ந்தால், மூடியிருக்கும் கிளைக்குள் தூள் விழுந்து அடைக்கும். கருவியருகே மட்டும் நெளிகுழாய், ஒன்றேகால் மீட்டருக்கு மேல் எங்கும் இல்லை. மூட்டுகளைப் பசை போட்டு ஒட்டவில்லை. குட்டை ஸ்க்ரூ ஒன்று, மேலே டேப். கருவிகளின் இடம் மாறாத பட்டறையை நான் பார்த்ததில்லை.

பிறகு கணக்கு. மிக நீளமான பாதை டேபிள் சாவுக்குப் போவது. மணிக்கு 1,250 கன மீட்டருக்கு ஏழு மீட்டர் நேர்குழாயில் 190 பாஸ்கல், இரண்டு திருப்பங்களில் 120, 'ஒய்' இணைப்பில் 50, நெளிகுழாயில் 100, சாவின் வாய்களில் 400, சைக்ளோனில் 650, ஃபில்டர் பாதி அடைத்த நிலையில் 250. மொத்தம் 1,760. இதற்குப் பிறகுதான் ஃபேன் தேட ஆரம்பித்தோம். கேட்டது எச்.பி. அல்ல, 1,250 கன மீட்டர் ஓட்டத்தில் 2,000 பாஸ்கல் தருமா என்று ஃபேனின் வரைபடத்தைத்தான் கேட்டோம். அந்தப் புள்ளியைத் தொட்டது ஒரு 3 எச்.பி. ஃபேன். ஆக மோட்டார் கடைசியில் பெரிதாகத்தான் ஆனது. பழைய குழாயோடு வாங்கியிருந்தால் அது 700-ஐத் தாண்டியிருக்காது. வரைபடம் தராத தயாரிப்பை வாங்காமல் இருப்பது நல்லது.

கிளைக் குழாய்களைத் திறந்து மூடும் கேட்டுகள் பற்றி ஒரு முக்கியமான விஷயம். ஒரு நேரத்தில் ஒரு கேட்தான் திறந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 150 மி.மீ. மெயினில் ஒரே ஒரு 100 மி.மீ. கிளையை மட்டும் திறந்தால், ஓட்டம் ஏறத்தாழ 700-இல் நின்றுவிடும். மெயினில் வேகம் வினாடிக்கு 11 மீட்டர். சீவல் குழாயின் அடியில் படுத்துவிடும், சில வாரங்களில் மேடாகும். எனவே எங்கள் விதி வேறு: திறந்திருக்கும் வாய்களின் மொத்தப் பரப்பு மெயினின் பரப்புக்கு அருகே இருக்க வேண்டும். பேண்ட் சா என்றால் இரண்டு கேட்டும். பிளேனர் என்றால் அதன் 125-உம், கூடவே டேபிள் சாவின் மேல்மூடிக் குழாயும். எந்தெந்தக் கேட் சேர்ந்து திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு கருவி மேலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

சைக்ளோன், டிரம், ஃபில்டர்

சைக்ளோன் 650 பாஸ்கலை எடுத்துக்கொள்கிறது, கணக்கில் பெரிய தொகை அது. இருந்தும் வைத்தோம். அது இல்லாமல் சீவலும் தூளும் நேரே ஃபில்டரில் போய் இறங்கினால், இரண்டு பலகை இழைப்பதற்குள் ஃபில்டர் அடைத்து, அந்த 650-ஐவிட அதிகமாகத் தின்றுவிடும். சைக்ளோனில் காற்று சுழலும்போது கனமானவை சுவரை ஒட்டி இறங்கி டிரம்முக்குள் விழும், லேசான நுண்தூளும் காற்றும் நடுவே ஏறி ஃபில்டருக்குப் போகும்.

இதன் உயிர்நாடி டிரம் மூடி. அடியில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று கீழிருந்து உள்ளே பாய்ந்து, விழுந்த தூளை மறுபடி கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பிவிடும். அறையில் தூள் இல்லாத நேரத்தில், எல்லாக் கேட்டுகளையும் மூடி ஃபேனை ஓடவிட்டு, ஊதுவத்திப் புகையை மூடியைச் சுற்றிக் காட்டினோம். ஓர் இடத்தில் புகை உள்ளே இழுபட்டது. ரப்பர் பட்டையை மாற்றினோம். டிரம் தகரத்தில் இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக் டிரம் எல்லாக் கேட்டும் மூடிய அந்த நொடியில் உள்வாங்கி நசுங்கக்கூடும். மூடியில் ஒளிபுகும் ஜன்னல் ஒன்றும் வைத்தோம், ஏனென்றால் டிரம் நிரம்பி வழிந்தால் சைக்ளோன் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

ஃபில்டர் பற்றி நண்பரும் நானும் கொஞ்சம் வாதாடினோம். காற்றை வெளியே விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது: ஃபில்டரே வேண்டாம், 250 பாஸ்கல் மிச்சம், நுண்தூள் அறைக்குத் திரும்புவதில்லை. யாருக்கெல்லாம் முடியுமோ அவர்கள் அதைச் செய்யட்டும். போகிற அளவு காற்று உள்ளே வர வழி விட வேண்டும். அறையில் புகைபோக்கியுள்ள அடுப்போ கொதிகலனோ இருந்தால் அதன் புகை உள்ளே இழுபடும் என்பதையும் யோசிக்க வேண்டும். இங்கே பக்கத்து வீட்டு ஜன்னல் மிக அருகில் இருந்ததால் அந்த வழி மூடிவிட்டது. ஆகவே மடிப்பு மடிப்பான பாலியெஸ்டர் கார்ட்ரிட்ஜ், கிடைத்தவற்றில் பரப்பு அதிகமானது.

72 கன மீட்டர் அறை, மணிக்கு 1,250 கன மீட்டர் ஓட்டம். மூன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை அறையின் அவ்வளவு காற்றும் இந்த ஃபில்டரைக் கடந்து வருகிறது. ஃபில்டர் நன்றாக இருந்தால் இது வரம். அதில் கசிவு இருந்தால், கண்ணுக்குத் தெரியாத தூளை அறை முழுக்கச் சமமாகப் பரப்பும் இயந்திரம் ஒன்றைத்தான் கட்டியிருக்கிறோம் என்று ஆகும். அதனால் கார்ட்ரிட்ஜின் இரு முனை ரப்பரையும் விளக்குப் பிடித்துச் சோதித்தோம்.

ஃபேன், சைக்ளோன், ஃபில்டர் மூன்றையும் மூலையில் ஓர் அறைக்குள் அடைத்ததில் சத்தம் நன்றாகக் குறைந்தது. காற்று திரும்பி வரும் திறப்பைத் தாராளமாக, 60-க்கு 40 செ.மீ. வைத்து, சத்தம் நேரே வராதபடி உள்ளே பஞ்சுப் பலகையால் ஒரு வளைவு கொடுத்தோம்.

மின்சாரமும் தீயும்

ஃபேனுக்குத் தனி லைன், தனி பிரேக்கர். தொடங்கும் நொடியில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இருக்கும் என்பதால் இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டோம். ஒரு விஷயம் பலருக்குத் தலைகீழாகத் தோன்றும்: குழாய் அடைத்தால் மோட்டாரின் சுமை குறையும், குழாயே இல்லாமல் ஓடவிட்டால் சுமை கூடும். ஃபேன் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ அவ்வளவு மின்சாரம் எடுக்கும். எனவே குழாய் மாட்டாமல் ஃபேனைச் சோதித்துப் பார்ப்பது மோட்டாரைச் சூடாக்கும் வேலை. இதுவே நல்ல சோதனையும் ஆகும். கிளாம்ப் மீட்டரில் வழக்கத்தைவிட ஆம்பியர் குறைந்தால் எங்கோ அடைப்பு.

பி.வி.சி. குழாயில் நிலைமின்சாரம் சேரும், தொட்டால் சுரீரென்று அடிக்கும். வெளியே செப்புக் கம்பி சுற்றி எர்த்தில் இணைத்தால் அந்த அடி குறையும். குழாய் வெடித்துவிடும் என்ற பயம் வீட்டு அளவுக்குப் பெரும்பாலும் மிகை. மரத்தூள் வெடிக்க ஒரு கன மீட்டரில் பல பத்து கிராம் மிதக்க வேண்டும், நல்ல ஓட்டமுள்ள சிறு குழாயில் அந்த அடர்த்தி எளிதில் வராது. உண்மையான ஆபத்து டிரம்மில் இருக்கிறது. மறைந்திருந்த ஆணியில் பிளேடு பட்டுத் தெறித்த பொறி, தூளுக்குள் புதைந்து மணிக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும். கிரைண்டரை இந்த அமைப்போடு எந்தக் காரணத்துக்காகவும் இணைக்கக்கூடாது. இரவில் டிரம்மை நிரப்பி வைக்கக்கூடாது.

ஓட்டிப் பார்த்தபோது

டேபிள் சாவில் ஓட்டம் ஏறத்தாழ 1,200 வந்தது. கணக்குக்கு மிக அருகில். அதே எம்.டி.எஃப்., அதே அரை மணி நேரம்: மீட்டர் காலை அளவின் இரண்டு மடங்கை எட்டவில்லை, கால் மணி நேரத்துக்குள் இறங்கியும்விட்டது. மேல்மூடிக் குழாயின் கேட்டை மட்டும் மூடிவிட்டு மறுபடி அறுத்தோம். ஐந்து மடங்கு. ஃபேன் அதே, ஃபில்டர் அதே. மாறியது ஒரு 75 மி.மீ. குழாய் மட்டும். இந்த முழு வேலையிலும் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது அந்த ஒப்பீடுதான். பலகையின் ஓரத்தை மட்டும் சீவும்போது இன்னும் சரியில்லை: பலகையின் விளிம்பில் பிளேடு பாதி திறந்திருக்கும்போது மூடியையும் மீறித் தூள் வருகிறது.

ஃபில்டரின் குறுக்கே அந்த 'யு' அழுத்தமானியை நிரந்தரமாகவே மாட்டிவிட்டோம். புதிதில் 8 மி.மீ. காட்டியது. 25 மி.மீ. வரும்போது சுத்தம் செய்ய வேண்டும். அடிக்கடி செய்யத் தேவையில்லை. இழைகளுக்குள் கொஞ்சம் தூள் படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாக வடிகட்டும். வெளிப்பக்கத்திலிருந்து குறைந்த அழுத்தக் காற்றை உள்ளே ஊத வேண்டும், திறந்தவெளியில், முகக்கவசத்தோடு.

முகக்கவசம் இன்னும் தேவைப்படுகிறது. டிரம்மைக் காலி செய்யும்போதும், கையால் உப்புத்தாள் தேய்க்கும்போதும் எஃப்.எஃப்.பி. 3 (நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசத் தரம்) அல்லது அதற்கு இணையானது. அது முகத்தில் இடைவெளியின்றி உட்கார வேண்டும், தாடி இருந்தால் உட்காராது. துடைப்பமும், துணியில் படிந்த தூளைக் கம்ப்ரெசரால் ஊதுவதும் பட்டறையிலிருந்து போய்விட்டன, எல்லாம் வேக்கம்தான். கூரையில் தொங்கவிடும் காற்று வடிகட்டி ஒன்றை நண்பர் வாங்க விரும்பினார். வாங்கலாம். தப்பி வந்த தூளை அது மெதுவாகக் குறைக்கும். ஆனால் பிளேடுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள ஒரு முழத்தில் அது எதுவும் செய்யாது என்பதால் பட்டியலின் கடைசியில் வைத்திருக்கிறோம்.

மைட்டர் சாதான் இன்னும் தீராதது. பிளேடு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, கோணமும் மாறுகிறது, தூள் பின்னால் விசிறியாகப் போகிறது. பின்புறம் முழுவதையும் சுற்றி ஒட்டுப்பலகையில் கூண்டு கட்டி 150 மி.மீ. குழாயைக் கொடுத்தும், மீட்டர் நான்கு மடங்குக்குக் கீழே வரவில்லை. குறுக்கு வெட்டுகளை முடிந்தவரை டேபிள் சாவின் ஸ்லெட்டுக்கு (பலகையை வைத்துத் தள்ளும் நகரும் தட்டு) மாற்றிவிட்டார். நீளமான பலகைகளை முதலில் துண்டாக்க மட்டும் மைட்டர் சாவை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டுபோகிறார், அதற்காக அதன் மேசைக்குச் சக்கரம் போட்டிருக்கிறோம்.